மூக்கு வரைக்கும் வந்த மாப்பிள்ளை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் டிசைன் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குச் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைகிற மாதிரி இருந்தது. கொண்டுவந்தவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், ஒரு கம்பெனியில் உள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு என்று மாமா சொன்னார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை.

“பாத்துக்கிடறதுன்னா? வாட்ச்மேனாடா?”

“இல்லக்கா. கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தா இவருதான் ஊசி போடுவாரு.”

அம்மா திருப்தியடைந்தாள். டாக்டருக்கு அடுத்த படி என்று கணக்கு வைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் மூன்று பேருமே ஆபீஸ் போகிறவர்கள். எங்கள் பக்கம் பட்டாசு செய்கிற இடத்துக்கு வெடி ஆபீஸ் என்று பெயர், தீக்குச்சி அடுக்குகிற இடத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்று பெயர். அப்பா காலையில் வேன் ஏறித் தாயில்பட்டிப் பக்கம் வெடி ஆபீஸுக்குப் போவார். அம்மா நடந்து போகிற தூரத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாள். அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். ஆபீஸ் என்ற சொல்லுக்கு ஏற்றாற்போல நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தது எங்கள் குடும்பத்தில் நான்தான். அதனால் என்னை வீட்டில் கொஞ்சம் பயத்தோடு வைத்திருந்தார்கள். நானும் அந்தப் பயத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் போட்டோ வேண்டும் என்று அம்மா கேட்டாள். பையன் தபாலில் அனுப்ப மாட்டானாம், மெயிலில் அனுப்புவானாம் என்று மாமா சொன்னார்.

“எனக்கு ஏது மெயிலு? ஆபீஸ் மெயில்தான் இருக்கு. எல்லாரும் பாப்பாக” என்றேன் நான்.

“தினம் சாமி படமெல்லாம் அதுலதான வருதுங்கற? சாமியே வரும்போது மாப்பிள்ளை வந்தா என்னவாம்?” என்றாள் அம்மா.

அச்சகத்தின் மெயில் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன்.

எங்கள் அச்சகத்தில் காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் எல்லாம் அச்சாகும். டிசைன் அறையில் மட்டும் ஏசி உண்டு. அது கம்ப்யூட்டர்களுக்காக வைத்தது என்றாலும் மதியத்துக்கு மேல் எல்லோருக்கும் அந்த அறையில் ஏதாவது ஒரு வேலை இருந்தது. இன்டர்நெட் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. அதுவும் போன் லைன் வழியாக. இன்டர்நெட் ஓடினால் போன் ஓடாது. அந்த மெயிலை நாள்தோறும் காலையில் திறந்து ஆர்டர் வந்திருக்கிறதா என்று பார்ப்பவர் எங்கள் மேனேஜர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர். கம்ப்யூட்டரைத் தொடும்போது மட்டும் சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி விரலை வைத்து எடுப்பார்.

ஒருநாள் காலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் குரல் வந்தது.

“ஏ பாப்பா, ஓடி வா! வைரஸ் வந்திருச்சு!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு மெயில் திறந்திருந்தது. மேலே ஆங்கிலத்தில் மூன்று வரி. அதற்குக் கீழே திரை முழுக்க எழுத்துகள், குறிகள், எண்கள், எல்லாம் கலந்து, உப்புமா கிண்டிய மாதிரி. ஒவ்வொரு வரியும் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பித்தது. கீழே இறக்கிக்கொண்டே போனேன். எம், எம், எம். முடிவில்லாமல் போனது.

மேலே இருந்த மூன்று வரியைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. என் புகைப்படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், மூன்று பகுதிகளாக வரும், மூன்றையும் சேர்த்து யூயூடிகோட் என்ற புரோகிராம் கொண்டு பிரிக்கவும். சிரமம் இருந்தால் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்கவும். அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை. வாஷிங் மெஷினோடு வருகிற புத்தகத்திலிருந்து கிழித்த மாதிரி இருந்தது.

“இது வைரஸ் இல்ல அண்ணாச்சி” என்றேன்.

“பெறகு?”

சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. “எனக்குப் பாத்திருக்க மாப்பிள்ளை.”

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். “எதும்மா, இதுவா?” என்றார் மிகவும் மெதுவாக.

அதற்குள் பைண்டிங் பிரிவிலிருந்து, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் வந்துவிட்டாள். காலண்டரின் தலையில் தகரம் அடிக்கிற பகுதியில் அவள் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அச்சகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் அவள் மூக்குக்கு முதலில் எட்டும். திரையில் குனிந்து பார்த்தாள்.

“மாப்பிள்ள லட்சணமாத்தான் இருக்காரு. என்ன, அம்மை போட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

அன்று மத்தியானத்துக்குள் அச்சகம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மிஷின் ஓட்டுகிறவர்கள்கூட என்னைப் பார்த்தால் “எம் வந்துட்டாரா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு எங்கள் அச்சகத்தில் ‘எம்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “வந்துச்சா?”

வந்தது, ஆனால் எழுத்தாக வந்திருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. அப்படியென்றால் அந்த எழுத்தையாவது காட்டு என்றாள். அடுத்த நாள் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். அம்மா விளக்கு வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தாள். நேராகப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தாள்.

“இதுல எதுடி மூக்கு?”

“அப்படியெல்லாம் தெரியாதும்மா. படத்த எழுத்தா மாத்தி அனுப்பியிருக்காரு. நாம திரும்பப் படமா மாத்தணும்.”

“படத்தப் படமாவே அனுப்புனா என்னவாம்?”

அது நியாயமான கேள்வி. உலகம் முழுக்க எல்லோரும் அப்போதே போட்டோவை மெயிலோடு இணைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். எழுத்து மட்டுமே மெயிலில் போக முடிந்த பழைய காலத்தில் கண்டுபிடித்த வழி இவர் செய்தது. படத்தை எழுத்துகளாக மாற்றி உள்ளே வைத்து அனுப்ப வேண்டும், வாங்குகிறவர் அதைத் திரும்பப் படமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இவர் நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே வேலை பார்க்கிற ஆள். அங்கிருந்தே அனுப்பிவிட்டார். எங்கள் போன் லைன் தாங்காது என்று மூன்றாக வேறு பிரித்திருக்கிறார். அக்கறைதான். பெண் கேட்டு வருகிறவர் வெற்றிலை பாக்குக்குப் பதிலாக வெற்றிலைக் கொடியையும் ஒரு துண்டு சுண்ணாம்புக் கல்லையும் கொண்டுவந்து வைத்த மாதிரியான அக்கறை.

அப்பா அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எல்லா வரியும் ஒரே நீளத்துக்கு இருக்கு. ஒழுங்கான பையனாத்தான் இருக்கணும்.”

என்னை உறுத்தியது அந்த மூன்றாவது வரிதான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்கவும். நான் விருதுநகரில் கல்லூரி படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கும் போனவள். அங்கே எங்களுக்குப் பாடம் எடுத்தவர் மவுஸைத் தொடவே விடமாட்டார். கறுப்புத் திரையில் டாஸ் கட்டளைகளைத் தட்டித் தட்டி விரல் நுனி காய்த்த பிறகுதான் வண்ணத் திரையையே காட்டினார். அந்த ஆளை அப்போது நாங்கள் திட்டாத திட்டில்லை. இப்போது அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். எப்படிப் பிரிப்பது என்று பெங்களூருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த யூயூடிகோட் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கி, இன்டர்நெட்டில் தேடி, டாஸில் ஓடுகிற சின்ன ஒன்றை இறக்கினேன். சின்னதுதான். அதற்கே அண்ணாச்சி சாம்பார் சாதம் முடித்து மோருக்கு வந்துவிட்டார். அது இறங்கும்வரை போன் வேலை செய்யாது என்பதால் அவர் பொறுக்காமல் ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

“கீன்னு கத்துது பாப்பா.”

“அது அப்படித்தான் அண்ணாச்சி. தூக்காதீக. தூக்குனா அறுந்து போகும்.”

இறங்கியது. மெயிலில் இருந்த எழுத்துகளைப் பிரதியெடுத்து ஒரு கோப்பில் ஒட்டினேன். கறுப்புத் திரையைத் திறந்தேன். அதைப் பார்த்ததும் அண்ணாச்சி ஓரடி பின்னால் போனார். அக்கா தகரத் தூளோடு கையைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். கட்டளையைத் தட்டி என்டர் அமுக்கினேன். தொடக்க வரியே இல்லை என்று அது சொன்னது.

“என்ன சொல்லுது?” என்றாள் அக்கா.

“ஆரம்பமே இல்லையாம்.”

“கல்யாணத்துக்கு முன்னாடியேவா?”

நான் செய்த பிழை பிறகுதான் தெரிந்தது. கடிதம் அடிக்கிற புரோகிராமில் ஒட்டிச் சேமித்திருந்தேன். அது எழுத்துகளுக்கு முன்னால் தன் சொந்தச் சரக்கையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது. வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, முதல் மெயிலில் இருந்ததை வைத்து, அதன் கீழே அடுத்த மெயிலில் வந்ததை ஒட்டி, மறுபடி என்டர் அமுக்கினேன். இந்தத் தடவை திரை எதுவும் சொல்லவில்லை. ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“பேசல” என்றார் அண்ணாச்சி கவலையோடு.

“பேசலைன்னா நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்” என்றேன். கம்ப்யூட்டர் சென்டரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிற்காலத்தில் புகுந்த வீட்டிலும் எனக்கு இது ரொம்ப உதவியது.

கோப்புகளைப் பார்த்தேன். புதிதாக ஒரு படக் கோப்பு உட்கார்ந்திருந்தது. திறந்தேன். மேலிருந்து கீழாக வந்தது. முதலில் வானம், பிறகு சுருட்டை முடி, நெற்றி, புருவம், கண், மூக்கு. மூக்கின் பாதியில் படம் பேதலித்துவிட்டது. அதற்குக் கீழே பச்சையும் ரோஸும் கட்டம் கட்டமாகக் கலைந்து கிடந்தன. உதடு இருக்க வேண்டிய இடத்தில் சட்டைப் பையும் அதில் செருகிய பேனாவும் இருந்தன.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“மூக்குக்குக் கீழ நேரா சட்டதான் போல. சோத்துச் செலவு மிச்சம்.”

மெயில் பெட்டியைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். மூன்று பகுதி என்று அவர் எழுதியிருந்தார். வந்திருந்தது முதலாவதும் மூன்றாவதும்தான். நடுவில் உள்ளது வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் காலண்டருக்காக ஒரு முருகன் படத்தைப் பெரிதாக அனுப்பியிருந்தார். பெட்டி நிரம்பிவிட்டது. மயிலோடும் வேலோடும் முருகன் உள்ளே வந்த நேரத்தில், என் மாப்பிள்ளையின் நடுப்பகுதியைப் பெங்களூருக்கே திருப்பி அனுப்பிவிட்டது மெயில்.

கலைந்த பகுதியை வெட்டிவிட்டு, நன்றாக வந்ததை மட்டும் புரூஃப் எடுக்கிற பிரிண்டரில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். பிறகு முகம் கொஞ்சம் மாறியது.

“கண்ணு ஏன் இப்படிச் சுருங்கி இருக்கு? தலவலிக்காரரோ?”

எனக்கும் அதே சந்தேகம்தான். கண்கள் இடுங்கி, நெற்றி சுருங்கி, யாரையோ திட்டுவதற்குத் தயாராகிற மாதிரி இருந்தது. மெயிலில் எழுதியிருந்த அந்த மூன்று வரிக்கும் இந்தக் கண்ணுக்கும் நல்ல பொருத்தம்.

அப்பாவின் கவலை வேறு. “மீச இருக்கா இல்லையான்னு தெரியலையே தாயி. அதக் கேட்டுரு.”

“அதையெல்லாம் எப்படிப்பா கேக்கறது?”

“கேளு. இங்கன என்ன, அங்கன அவுகளும் உன்னப் பத்தி ஆயிரம் கேப்பாகல்ல.”

அடுத்த நாள் பெங்களூருக்கு நானே எழுதினேன். அவர் எழுதிய மாதிரியே, வணக்கம் இல்லாமல். படத்தைப் பிரித்தாயிற்று. இரண்டாம் பகுதி வந்து சேரவில்லை. மூக்கு வரைக்கும் சரியாக இருக்கிறது. மீதியை அனுப்பவும். இவ்வளவுதான் எழுதினேன். மீசை பற்றி எழுதவில்லை.

மாலைக்குள் பதில் வந்தது. இந்தத் தடவை தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். “மூக்கு வரைக்கும் சம்மதம்தானே?”

அண்ணாச்சி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார். நான் அறையில் தனியாக உட்கார்ந்து அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் புத்தகம் எழுதுகிற ஆளுக்குள் இப்படி ஒருத்தரும் இருக்கிறாரா என்று இருந்தது.

முருகனை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, மெயில் பெட்டியில் இடம் ஏற்படுத்தினோம். இரண்டாம் பகுதி வந்தது. மூன்றையும் வரிசையாக ஒட்டி மறுபடி கட்டளையைத் தட்டினேன். இந்த முறை முழுதாக வந்தார். மீசை இருந்தது. அதற்குக் கீழே வாய் கொள்ளாத சிரிப்பு இருந்தது. முன்பற்கள் இரண்டு ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நின்றன. தலைவலி இல்லை, கோபமும் இல்லை. கண் சுருங்கியது சிரிப்பினால்தான். போட்டோ எடுத்தவன் ஏதோ சொல்லியிருக்கிறான், இவர் அடக்க முடியாமல் சிரித்திருக்கிறார். பெண் வீட்டுக்கு அனுப்புகிற போட்டோவில் இப்படிச் சிரிக்கிற ஆளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மற்றவர்களெல்லாம் பாஸ்போர்ட் எடுக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அக்கா கிண்டல் செய்யவில்லை. “நல்லா இருக்காரு புள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தகரம் அடிக்கப் போனாள். எனக்கு அதுதான் அதிக வெட்கமாகப் போய்விட்டது.

பதிலுக்கு என் போட்டோவை அனுப்ப வேண்டும் என்று அம்மா சொன்னாள். இன்டர்நெட்டிலிருந்து இறக்கி வைத்த பொட்டலத்தில் எழுத்தைப் படமாக்குவதோடு, படத்தை எழுத்தாக்குகிறதும் சேர்ந்தே இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவை அச்சகத்தின் ஸ்கேனரில் வைத்து ஏற்றினேன். எழுத்தாக மாற்றினேன். மூன்றாகப் பிரித்தேன். முதல் பகுதியை மட்டும் அனுப்பினேன். மேலே ஒரு வரி: “சிரமம் இருந்தால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்கவும்.”

அவர் உடனே எழுதினார், இரண்டும் மூன்றும் வரவில்லை என்று. நான் எழுதினேன்: “மீதி நேரில்.”

எனக்கு இது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. ஒரு வாரம் போல அந்த மிதப்பிலேயே திரிந்தேன். பிறகு ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், மாமா வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முகம் சரியில்லை. அப்பா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

“ஏம்மா, ஒம் போட்டோவ எப்படி அனுப்பிச்ச?” என்றார் மாமா.

“பாதி அனுப்பிச்சேன் மாமா. வெளையாட்டுக்கு.”

“வெளையாட்டா? மாப்பிள்ள அதப் பிரிண்டு எடுத்து, ஊருக்கு வரும்போது அவுக அம்மாட்டக் காட்டியிருக்காரு. மூக்கு வரைக்கும்தான் இருக்கு. அந்தம்மா என்னக் கூப்பிட்டு விட்டு, ‘பொண்ணுக்கு வாய்ல எதுவும் கொறையாய்யா? மறைக்காமச் சொல்லிருங்க’ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?”

அம்மா வெடித்துவிட்டாள். “எம் பிள்ள வாயில கொறையா! அவ வாயே அவளுக்குக் கொறதான், அது வேற விசயம். ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. வந்து நல்லாப் பாத்துட்டுப் போகட்டும். எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாக்கட்டும்!”

இப்படித்தான் பெண் பார்க்கும் நாள் குறிக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மா முறுக்குச் சுட உட்கார்ந்துவிட்டாள். கேசரி, பஜ்ஜி என்று எல்லோரும் வைப்பதை வைக்காமல் ஏன் முறுக்கு என்று கேட்டேன். “காரணம் இருக்கு” என்றாள். அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, கூடவே எங்கள் மாமா. அப்பா முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் மேலுதட்டைத்தான். மீசை அங்கே இருந்தது. அதன் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நான் காப்பித் தட்டோடு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் காலமெல்லாம் குச்சி அடுக்கியவர். கோணல் குச்சி கண்ணிலிருந்து தப்பாது. என் வாயையே பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

“பேரு என்ன தாயி?”

சொன்னேன்.

“என்ன படிச்சிருக்க?”

சொன்னேன். பதில் அவர்கள் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். உதடு சரியாகக் கூடிப் பிரிகிறதா என்றுதான் கவனித்தார்கள்.

அம்மா முறுக்குத் தட்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் முதலில் பெண்ணுக்குப் பலகாரம் கொடுத்த வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். “சாப்பிடு” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. எடுத்துக் கடித்தேன். கைமுறுக்கு நல்ல கெட்டி. வீடு முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அவர் அம்மா இன்னும் ஒன்று எடுத்து என் கையில் வைத்தார்கள். அதையும் கடித்தேன். பிறகு எனக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்திருப்பேன். அந்த அம்மாள் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

“அத்தன பல்லும் அரிசி கணக்கா இருக்கு” என்று தன் வீட்டுக்காரரிடம் அறிவித்தார்கள். பிறகு அம்மாவிடம் திரும்பி, “தப்பா எடுத்துக்கிடாதீக மயினி. இவன் கொண்டாந்து காட்டுன லட்சணம் அப்படி” என்றார்கள்.

“எங்களுக்கும் ஒங்க மகன் முதல்ல எழுத்தாத்தான் வந்தாரு” என்றாள் அம்மா. இருவரும் சேர்ந்து எங்கள் இருவரையும் திட்ட ஆரம்பித்தார்கள். சம்பந்தம் முடிந்துவிட்டது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. இரண்டு சம்பந்திகளுக்கும் பொதுவாகத் திட்டுவதற்கு ஆள் கிடைத்த பிறகு வேறு என்ன வேண்டும்?

பேச வேண்டுமானால் பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களைக் கொல்லைப்புறம் அனுப்பினார்கள். துவைக்கிற கல் பக்கத்தில் நின்றோம். வெயில் சுட்டெரித்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீங்களேதான் பிரிச்சீகளா? யார்ட்டயும் கேக்கலையா?”

“தெரிஞ்சவுககிட்டக் கேக்கச் சொல்லியிருந்தீகல்ல. ஆபீஸ்ல தெரிஞ்சவ நாந்தேன். என்னயே கேட்டுக்கிட்டேன்.”

அவர் சிரித்தார். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு, கண் இடுங்கியது. பிறகு கொஞ்சம் தயங்கி, “அட்டாச் பண்ணியே அனுப்பியிருக்கலாம். அங்கன கூட இருந்தவனுக சொன்னானுக. நாந்தான் கேக்கல” என்றார்.

“ஏன்?”

“பிரிச்சுப் பாக்குறவுகளா இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு.”

பரீட்சை வைத்திருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரிக்கத் தெரியாத பெண்ணாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் ரொம்ப யோசித்து, “பஸ் ஏறி வந்து நானே பிரிச்சுக் குடுத்திருப்பேன்” என்றார். உண்மையா, சமாளிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு கோபப்படுவது சிரமமாக இருந்தது.

காலண்டர் சீசன் முடியாமல் லீவு கிடையாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசி லோடு ஏறிப் போன பிறகு, தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அச்சகத்திலிருந்து எல்லோரும் ஒரே வேனில் வந்தார்கள். மிஷின்காரர்கள் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும்போது “வாங்க எம் சார்” என்றார்கள். அவருக்குக் காரணம் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு சொல்கிறேன் என்று சைகை காட்டினேன்.

பெங்களூரில் குடித்தனம் வைத்தோம். அவர் வீட்டிலும் மெஷின் புத்தகம்தான். காஸ் அடுப்பைப் பற்றவைப்பது எப்படி என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கிச் சொல்வார். தீப்பெட்டி ஆபீஸ்காரி மகளுக்கு நெருப்புப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். நானும் அங்கே ஓர் அச்சகத்தில் வேலை தேடிக்கொண்டேன். சண்டைகள் வந்தன, போயின. பேசாமல் இருந்தால் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம் என நான் அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவர் அதை மட்டும் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ஒரு விஷயத்தில்தான் ரொம்ப நாளாக எனக்குக் குறை இருந்தது. அவர் என்னை ‘நீங்க’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டீகளா, தூங்குனீகளா, கெளம்பிட்டீகளா. ஏதோ கம்பெனி அதிகாரியின் மனைவியிடம் பேசுகிற மாதிரி. விடச் சொன்னால் சரி என்பார், அடுத்த வாயில் மறுபடி ‘நீங்க’ வரும். பிறகு ஒருநாள் மார்க்கெட்டில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நான் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டே எங்கோ முன்னால் போய்விட்டேன். நிறையப் பேர் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்த அந்தச் சந்தடியில், பின்னாலிருந்து தொண்டை கிழிய ஒரு குரல் வந்தது.

“ஏ புள்ள! அங்கன எங்க போற? இங்கன வா!”

சாத்தூர்ப் பக்கத்துக் குரல், கொஞ்சம்கூடப் பிசகாமல். நான் திரும்பினேன். இரண்டு கையிலும் காய்ப்பையோடு அவர் நின்றார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் கொத்தமல்லிக்காரி கேட்ட விலையையே கொடுத்துவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர் நின்ற இடத்துக்குப் போனேன்.